ஒர்லாண்டோவுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

புண்ணியம் செய்யப் போய் மாட்டுப்பட்ட மனிதரைக் காண்பது அரிது. மரியரட்ணம் அப்படி மாட்டுப்பட்டவன். கெட்டது செய்ய அவனுக்குக் கெட்டித்தனமும் இல்லை, நேரமும் இல்லை. விடியப்புறம் பிரெடெரிசியாவின் ஓரத்தில் இருந்த சலவைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் பின்னேரம்தான் வெளியே வருவான். வந்தால் தேவாலயம், இல்லாவிட்டால் அறை. அவ்வளவுதான் அவனுடைய டென்மார்க்.

ஆண்டு 1988. மன்னாரிலிருந்து கிழக்கு பெர்லின் வழியாக வந்து இரண்டு வருடமாகிவிட்டது. அகதி என்று ஏற்றுக்கொண்டு வதிவிட உரிமையும் கொடுத்திருந்தார்கள். மனைவி அமலராணியையும் மகள் சுஜாவையும் கூப்பிட அவனுக்கு உரிமை உண்டென்று சட்டமே சொன்னது. சொன்னதுதான் மிச்சம்! மனுப் போட்டான், காத்திருந்தான், குடிவரவுக் கந்தோருக்குப் போன் அடித்தான். "பரிசீலிக்கிறோம்" என்று ஒரே பல்லவி. தமிழரின் மனுக்களை மட்டும் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லப்பட்ட சங்கதி இந்த அப்பாவிகளுக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் அந்த விவகாரத்தில் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. கவிழ்ந்தென்ன, கொட்டுண்ட பாலை அள்ள முடியுமா?

தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவார்கள். ஈரம் போகாத விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, ஒரே இழுப்பில் விறைக்க இழுத்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் சுருக்கம் விழுந்துவிடும். ஆகவே நாள் முழுக்க எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். மரியரட்ணத்துக்கு எதிரே நின்றவள் எல்விரா. சிலி நாட்டுக்காரி. அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவனைவிட இரண்டு மடங்கு வாய்.

அவன் பெயர் அவள் நாக்குக்கு அடங்கவில்லை. முதல் நாளே 'மரியா' ஆக்கிவிட்டாள். அதைக் கேள்விப்பட்டதும் அறைத்தோழன் இரத்தினசிங்கம் சும்மா இருப்பானா? யாழ்ப்பாணத்து வாய் அல்லவா! "மன்னாரிலை மீசையோட திரிஞ்ச மனிசன், இஞ்சை வந்து மரியாக்கா ஆகிட்டார். இனி அமலராணி வந்து தேடினால் நான் ஆரைக் காட்டுறது?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மரியரட்ணமும் சிரித்தான். அமலராணி வந்து தேடுவாள் என்ற சொல்லே அவனுக்கு இனித்தது.

எல்விராவுக்கும் அவனுக்கும் டேனிஷ் அரைகுறைதான். அரைகுறையும் அரைகுறையும் எதிரெதிரே நின்று கதைத்ததை இங்கே நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடிந்துவிடும்.

அவளுடைய கணவன் ஒர்லாண்டோ வால்பரைசோ துறைமுகத்தில் வேலை செய்தவன், தொழிற்சங்கக்காரன். சிலியில் ராணுவ ஜெனரல் ஆட்சியைப் பிடித்த அடுத்த வருடம், சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். "ரெண்டு கேள்வி கேட்டிட்டு விட்டிடுவம்" என்றார்களாம். அந்த இரண்டு கேள்வியும் பதினான்கு வருடமாக முடியவில்லை. சிறையில் கேட்டாள், முகாமில் கேட்டாள், பிரேத அறையில் கேட்டாள். அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவேயில்லை என்றார்கள். கேட்ட குற்றத்துக்காக அவளையும் நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். ஒரே மகன் மத்தியாஸ் கணவனின் தமக்கை வீட்டில் வளர்ந்தான். மகனைப் பற்றி மட்டும் அவள் அதிகம் கதைப்பதில்லை.

"நேற்றும் அவரைக் கண்டனான், மரியா" என்பாள் திடீரென்று, விரிப்பை இழுத்தபடி.

"எங்கை?"

"ஸ்டேசனிலை. பின்பக்கம் அச்சொட்டா அவர்தான். தோளைச் சரிச்சுச் சரிச்சு நடக்கிற நடை. அடுத்த ஊர் கோல்டிங் வரைக்கும் ரயிலிலை பின்னாலை போனன். இறங்கித் திரும்பினால், ஆரோ ஒரு டேனிஷ்காரன்."

மரியரட்ணத்துக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். அவன் வாய்க்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொள்வான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த வருடம் சிலி முழுவதும் உருளைக்கு மேலால்தான் அவனுக்குத் தெரியவந்தது. ஜெனரல் இன்னும் எட்டு வருடம் கதிரையில் இருக்கலாமா, ஆம் அல்லது இல்லை என்று சனத்திடம் கேட்கப்போகிறார்களாம். "கள்ளனே தராசு பிடிச்சால் நிறை சரியா இருக்குமோ?" என்று மரியரட்ணம் கேட்டான். எல்விராவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சனம் பயத்தோடு பயமாக வரிசையில் நின்று வாக்காளராகப் பதிந்தது. செப்டெம்பர் பிறந்ததும், துரத்தப்பட்டவர்கள் திரும்பி வரலாம் என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் 'இல்லை'க்காரருக்கும் ஒவ்வொரு இரவும் கால் மணித்தியாலம் கொடுத்தார்கள். பதினைந்து வருடம் வாய் கட்டப்பட்டிருந்த நாடு கால் மணித்தியாலம் வாய் திறந்தது.

அதைப் பதிந்த வீடியோக் கசெற் ஒன்று பிரெடெரிசியாவுக்கும் வந்தது. சிலிக்காரர் கூடிப் பார்த்த சனிக்கிழமை எல்விரா மரியரட்ணத்தையும் கூட்டிப்போனாள். பாட்டு, வானவில், பகிடி எல்லாம் வந்தது. பிறகு வயதான பெண்கள் சிலர் கொண்டுபோகப்பட்ட தங்கள் ஆளின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் நாட்டில் ஆணும் பெண்ணும் கைலேஞ்சித் துணி வீசி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. இவர்களில் ஒருத்தி அதைத் தனியே ஆடினாள். எதிரே ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை. அவள் அந்த இடத்தைச் சுற்றி வந்தாள், அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள், அந்த இடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். மரியரட்ணத்துக்குப் பயம் பிடித்துவிட்டது. தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றான்.

ஒக்டோபர் ஆறாம் திகதி காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானொலி சொன்னது: 'இல்லை' வென்றுவிட்டது. எல்விரா கையில் இருந்த விரிப்பை விட்டுவிட்டாள். அது ஒரு பக்கமாக உருளைக்குள் போய்ச் சிக்கி, இயந்திரம் நின்று, மேற்பார்வையாளர் ஓடிவந்தார். அவளோ அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். டேனிஷ்காரர் பாவம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரம்போல் நின்றார்.

"இனிக் கதவெல்லாம் திறப்பாங்கள், மரியா" என்றாள் அவள், முகத்தை விரிப்பிலேயே துடைத்துக்கொண்டு. "தெற்கிலை ஒரு தீவிலை கொஞ்சப் பேரை வைச்சிருக்கிறாங்களாம். பேர் மறந்துபோனவையும் இருக்கினமாம். டிசம்பரிலை போறன். போய்ப் பார்க்கிறன்."

மரியரட்ணத்தின் நெஞ்சு அவளுக்காக எரிந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு தீவாம்! அவனுக்கு வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இது பால்குடியிலேயே தெரிந்த சங்கதி. அடக்கம் இல்லாமல், பூசை இல்லாமல் செத்தவனின் ஆத்துமா உத்தரிப்பு ஸ்தலத்தில் கிடந்து வேகும். வேகிற ஆத்துமா வேண்டியவர்களின் கண்ணில் வந்து வந்து படும். முகம் காட்டாது, முதுகுதான் காட்டும். எனக்கொரு பூசை ஒப்புக்கொடு என்று கேட்கத்தான் வருகிறது. ஒர்லாண்டோ ஸ்டேசனில் வந்து நிற்பதும் அதற்குத்தான். பாவம், அந்த மனுஷிக்கு அது விளங்கவில்லை. உத்தரிக்கிற ஆத்துமாவைப் பின்தொடர்ந்து கோல்டிங்கில் போய் இறங்குகிறாள்!

நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள். இறந்தவர்களின் பெயர்களைத் தரும்படி பங்குச் சுவாமியார் கேட்டிருந்தார். மரியரட்ணம் தன் தகப்பன் பெயரைச் சொன்னான், தாய் பெயரைச் சொன்னான். பிறகு, "ஒர்லாண்டோ ஃபுவெந்தெஸ்" என்றும் சொன்னான். வெளியே வரும்போது உடம்பே இலேசாகிப்போன மாதிரி இருந்தது. உதவி என்றால் இதுவல்லவோ உதவி!

"இண்டைக்கு நீ கோயிலுக்கு வரவேணும், எனக்காக" என்று எல்விராவைக் கெஞ்சினான். அவள் கோயில் பக்கம் போகிறவள் அல்ல. ஆனாலும் மரியா கேட்டதால் வந்தாள். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட, சொந்தக்காரர் எழும்பிப் போய்ப் பீடத்தடியில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்கள். கோயில் அமைதியாக இருந்தது. சுவாமியார் ஒர்லாண்டோவின் பெயரை வாசித்தார். மரியரட்ணம் சிரித்த முகத்தோடு எல்விராவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தானே எழும்பிப் போய்த் திரியைக் கொளுத்தினான்.

"இல்லை!" என்று ஒரு சத்தம். கோயிலே திரும்பியது. எல்விரா வாங்குகளுக்கிடையால் விழுந்தடித்து ஓடிவந்து, பீடத்தடியில் குனிந்து, அந்த ஒரு திரியை மட்டும் ஊதி அணைத்தாள்.

அவள் பின்னாலேயே இவனும் வாசலுக்கு ஓடினான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஆர் உனக்குச் சொன்னது அவர் செத்திட்டார் எண்டு? நீ கண்டனியோ? எங்கை கண்டனி? சொல்லு!"

"எல்விரா, ஆத்துமா அலையக்கூடாது எண்டுதான்..."

"பதினாலு வருஷமா அவங்கள் என்னட்டைக் கேட்டது இதைத்தான், மரியா. செத்திட்டான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, உன்ரை சோலி முடியும், எங்கடை சோலியும் முடியும் எண்டு. அவங்கள் அடிச்சும் நான் சொல்லாததை நீ எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டாய்." அவள் முகத்து மழையைத் துடைத்தாள். "உயிரோட கொண்டுபோனவங்கள் உயிரோட தரட்டும். அதுவரைக்கும் அவர் உயிரோடதான்."

அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. வேலை மட்டும் அப்படியே நடந்தது. நாள் முழுக்க எதிரெதிரே நின்று ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் இல்லாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்றான் இரத்தினசிங்கம். மரியரட்ணத்துக்கோ உள்ளுக்குள் கோபமும் இருந்தது. நன்மை செய்தவனுக்கு இதுதானா பலன்? டிசம்பரில் அவள் சொல்லாமலே சிலிக்குப் போனாள்.

அவள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அமலராணியின் தம்பி மைக்கல், கொழும்பிலிருந்து.

"அத்தான்... அக்கா உங்களோட ஏதும் கதைச்சவவே?"

"என்னெண்டு கதைப்பா? ஏன், என்ன நடந்தது?"

மைக்கல் அழத் தொடங்கினான். அமலராணி பிள்ளையை மன்னாரில் அவன் வீட்டில் விட்டுவிட்டு, மனுவைப் பற்றி விசாரிக்கவென்று கொழும்புக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். வழியில் எங்கேயோ மறித்து எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். இவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் நிற்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார்களாம். எந்தச் சீருடை என்று ஆளுக்கொரு கதை. அந்த நாளில் எங்கள் ரோட்டில் சீருடைக்குப் பஞ்சமா? மைக்கல் முகாம் முகாமாகக் கேட்டுக்கொண்டே கொழும்பு வரைக்கும் வந்திருக்கிறான். அப்படி ஒருத்தரை நாங்கள் மறிக்கவேயில்லை என்றார்கள்.

மரியரட்ணம் ரிசீவரைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டான். கொழும்புக்குப் போகச் சொன்னதே அவன்தான். "இஞ்சை அசையிறாங்கள் இல்லை, நீ ஒருக்கா நேரிலை போய்க் கேள்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தான். நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவனை இரத்தினசிங்கம் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான்.

தை முடிய, ஒரு பின்னேரம், பிரெடெரிசியா ஸ்டேசனில் அவன் அமலராணியைக் கண்டான்.

மண்ணிறக் கோட்டு. பின்னலை ஒரு கையால் பின்னுக்கு எறிகிற அந்த எறி. பிடரி அச்சொட்டாக அவளேதான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முதுகைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத்தான் தெரியுமே! ஐயோ, மடு மாதாவே, திரும்பாதை அமலி, என்னட்டை ஒண்டும் கேளாதை என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். திறந்தபோது ரயில் போயிருந்தது.

பிறகு அவளை அடிக்கடி கண்டான். பஸ்சில், கடையில், பனி கொட்டும் ரோட்டின் அந்தக் கரையில். பக்கத்து அறையில் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒருவருமில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். குனிந்த தலை நிமிராமல் நடக்கப் பழகினான்.

அவன் சொல்லாவிட்டாலும் சனம் சும்மா விடவில்லை. செபக்கூட்டம் நடத்துகிற லோரன்ஸ் அண்ணை ஒருநாள் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர்தான்.

"தம்பி, மனசைத் தேற்றிக்கொள்ளும். முப்பத்தோராம் நாள் பூசையும் குடுக்கேல்லை. பாவம் அமலராணி, ஆத்துமா அந்தரிச்சுத் திரியும். ஒரு பூசைக்குப் பேரைக் குடுமன்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது அவள் செத்திட்டாள் எண்டு?" மரியரட்ணம் கத்தினான். "நீங்கள் கண்டனீங்களோ?"

கத்திய பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று விளங்கியது.  லோரன்ஸ் அண்ணை கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வசந்தம் வந்தது. கோப்பன்ஹேகனில் அமைச்சர் மாறியிருந்தார். அமுக்கி வைத்த மனுக்கள் எழும்பத் தொடங்கின. மரியரட்ணத்தைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். இருந்த பெண் நல்லவள். கோப்பி கொடுத்தாள். "உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது" என்று சிரித்தாள். அவன் சிரிக்காததைக் கண்டு அவளும் நிறுத்தினாள். தெரிந்த டேனிஷில் நடந்ததைச் சொன்னான். அவள் கண் கலங்கியது. ஆனால் கந்தோருக்குக் கண் கலங்காது. பிள்ளை தனியே வருவதென்றால் தாயின் சம்மதம் வேண்டும். தாய் இறந்துவிட்டாள் என்றால் தகப்பன் அப்படி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். காணாமற்போனவர் என்று ஒரு வகை அங்கே இல்லை.

"இறந்தவ எண்டு எழுதினால், நாளைக்கு அவ வந்தால்?"

"இறந்தவருக்கு அனுமதி இருக்காது" என்றாள் அவள், மெல்லமாக.

அப்படியே வந்துவிட்டான். ஒரு பக்கம் ஏழு வயதுப் பிள்ளை; மைக்கலின் வீட்டைச் சுற்றிச் சண்டை, இரண்டு கிழமை பிந்தினாலும் என்ன நடக்குமோ தெரியாது. மறுபக்கம் அமலராணி. எங்கேயோ ஒரு முகாமில், ஒரு மூலையில், புருஷன் கூப்பிடுவான் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தால்? அவளுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவை இவன் கையாலேயே சாத்துவதா?

எல்விரா சிலியிலிருந்து திரும்பி வந்து நாளாகிவிட்டது. திரும்பவும் அவனுக்கு எதிரேதான் நின்றாள்; திரும்பவும் பேசவில்லை. முகம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. அன்று காலை அவன் விரிப்பைப் பிடித்தான், இழுக்கவில்லை.

"எல்விரா, என்ரை மனுசியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றான். "நானும் ஸ்டேசனிலை காணுறன். அவள் செத்ததாலையோ காணுறன்? உண்மையைச் சொல்லு."

அவளும் இழுப்பை நிறுத்தினாள்.

"விசர் கதை. நீ அவவைத் தேடுறாய், அதாலை காணுறாய். தேடுறதை விட்டால் காணமாட்டாய்."

மரியரட்ணம் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அந்தப் பக்கத்து மூலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கந்தோரில் கேட்டதைச் சொன்னான்.

கேட்டதும் அவள் முகம் மாறியது. "மத்தியாசை நான் ஏன் விட்டிட்டு வந்தன் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்றாள். "சின்னப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தகப்பன் ஒப்பம் வேணும் எண்டாங்கள். அல்லது செத்திட்டான் எண்டு எழுதித் தா எண்டாங்கள். மாட்டன் எண்டன். ரெண்டு வருஷத்திலை ஒர்லாண்டோ வருவார், மூண்டு பேரும் சேர்ந்திருப்பம் எண்டு நினைச்சன். பிள்ளையை மைச்சாளட்டை விட்டிட்டுத் தனியப் பிளேன் ஏறினன்."

"இப்ப போனியே, கண்டனியோ?"

"தீவிலை ஒருத்தரும் இல்லை, மரியா. கதவெல்லாம் அப்படியே பூட்டித்தான் கிடக்குது. மத்தியாசைக் கண்டன். தகப்பனை விட உயரம். கதவைத் திறந்துபோட்டு, 'ஆர் வேணும், அம்மணி?' எண்டு கேட்டான்." அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "என்ரை பிள்ளை என்னை அம்மணி எண்டான்."

உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஏனோ கிட்ட வரவில்லை.

"நீ எழுது" என்றாள் எல்விரா. "கந்தோர் கேட்டால் செத்திட்டா எண்டு எழுது. ஆனால் பிள்ளை கேட்டால் அந்தப் பொய்யைச் சொல்லாதை."

அவன் எழுதினான். பேனை பிடித்த கை தன்னுடையது அல்ல என்பதுபோல் எழுதினான். கந்தோரை விட்டு வெளியே வந்தபோது வழிநெடுகத் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு வந்தான். அன்று அமலராணி எங்கும் தென்படவில்லை. இதைவிட அவள் முதுகைக் காட்டியிருக்கலாம் என்று இருந்தது.

ஆனி மாதம் சுஜா வந்தாள். தெரிந்த குடும்பத்தினர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, விமான நிலையத்தில் ஒப்படைத்தார்கள். நான்கு வயதில் விட்டுவந்த பிள்ளை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களோ அப்பா?" என்றாள். "ஓம், அப்பாதான்" என்றான். கட்டிப்பிடிக்க விட்டாள். ஆனால் அவன் தோளுக்கு மேலால் யாரையோ பார்த்தபடியே இருந்தாள். ரயில் முழுக்கவும் ஏதோ ஒரு சந்தோஷத்தை வாய்க்குள் அடக்கி வைத்திருப்பதுபோல் யன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தாள்.

பிரெடெரிசியாவில் இரத்தினசிங்கம் அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். எல்விரா கோழி அவித்துக்கொண்டு வந்திருந்தாள். சுஜா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். முதல் அறையைப் பார்த்தாள். குசினியைப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். அலுமாரியைத் திறந்து தொங்கிய உடுப்புகளை விலக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா ஒளிச்சிருக்கிறாவோ?"

மரியரட்ணம் கிட்டப் போனான். "என்ன பிள்ளை?"

"மைக்கல் மாமா சொன்னவர், அம்மா முன்னுக்கு வந்திட்டா எண்டு. பிளேன் ஏறினால் அம்மாட்டைப் போகலாம் எண்டு." அவள் திரைச்சீலைக்குப் பின்னாலும் பார்த்தாள். "அம்மா! நான் வந்திட்டன்!"

பாவி மைக்கல்! பிள்ளையை அனுப்ப வேறு வழி தெரியாமல் சொல்லியிருக்கிறான். மரியரட்ணம் முழந்தாளில் இருந்து அவளைப் பிடித்தான். கந்தோரில் எழுதிய சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பிள்ளை இன்றைக்கு அழும், நாளைக்கு அழும், பிறகு ஆறும். அப்படிச் சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான். நிமிர்ந்தான். சட்டியோடு நின்ற எல்விரா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இஞ்சை வரேல்லை, பிள்ளை."

"அப்ப எங்கை?"

"தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது."

சுஜா அழவில்லை. பெரிய மனுஷிபோல் புருவத்தைச் சுருக்கினாள்.

"தேடினனீங்களோ?"

இரத்தினசிங்கம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.  குனிந்த தலையோடு நடந்த மாதங்கள் எல்லாம் மரியரட்ணத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தன.  சுஜா வாசலுக்குப் போய், நிலத்தில் இருந்து, கழற்றி எறிந்த செருப்பை இழுத்து எடுத்து இடம் வலம் மாறிக் கொழுவிக்கொண்டாள்.

"வாங்கோ" என்றாள், கதவைத் திறந்து பிடித்தபடி.